துட்டி வீட்டுக்குக் காவல்காரர் தேவையில்லை

சென்ற இதழில் பெரியவர் ஒருவர் தம் தூக்கம் கெட்ட கதையை எழுதியிருக்கிறார். அவர் தெருவில் ஒரு அம்மா. கணவர் இறந்து வருஷம் திரும்பவில்லை. அந்த அம்மா தனியாக மூணாறு போய், தொப்பி போட்டுக்கொண்டு, தேயிலைத் தோட்டத்து நடுவில் நின்று படம் எடுத்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். அதைப் பார்த்த பெரியவருக்கு அன்று ராத்திரி முழுக்க உறக்கம் இல்லையாம். இறந்தவரின் ஆத்மா என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தாராம்.

செத்தது அவர் வீட்டு ஆள் இல்லை. டிக்கெட்டுக்குக் காசு போட்டதும் அவர் இல்லை. ஸ்டேட்டஸைத் திறந்து பாருங்கள் என்று அவர் கையைப் பிடித்து யாரும் இழுக்கவும் இல்லை. ஆனாலும் தூக்கம் போனது அவருக்குத்தான். அந்த ஒரு ராத்திரியிலிருந்து நான்கு பக்கக் கட்டுரை ஒன்று பிறந்து, அதைப் படித்த என் நாத்தனார் எனக்கே போன் போட்டு, "உங்களைத்தான் எழுதியிருக்காரோ மதினி?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. என்னை அல்ல. நான் தொப்பி போடுவதில்லை.

அவர் சொல்வது இவ்வளவுதான். துணையை இழந்தவர்கள் தனியே ஊர் சுற்றுவது ஆறுதல் ஆகாது, தப்பித்து ஓடுவது. துக்கத்தை வீட்டில், உறவுகள் நடுவில் இருந்துதான் கழிக்க வேண்டும். தனிப் பயணம் மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு. அதுவும் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு. பெண்களுக்கு ஆபத்து வேறு. வழியில் கிடைக்கிற பழக்கம் ஸ்டேஷன் வந்ததும் இறங்கிப் போய்விடும், உறவு மட்டுமே நிற்கும். 'வாழ்க்கைத் துணையை இழந்தவர்கள்' என்று பொதுவாகத் தொடங்கியவர், மூன்றாம் பத்திக்குள் 'இந்தப் பெண்கள்' என்று வந்து சேர்ந்துவிட்டார். மனைவியை இழந்த ஆண் ஒருவர்கூட அந்தக் கட்டுரையில் தலைகாட்டவில்லை. அவர்களைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

முதலில் அந்த 'உறவுகள் நடுவில்'. துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் பெரியவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வாசல் பந்தலில், பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் காபி டம்ளரோடு. மழை பெய்யுமா, பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கும். உள்ளறையில் நடப்பது அவருக்குக் கேள்விஞானம். கணவரைப் பறிகொடுத்த எனக்கு அப்படியில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வருகிற ஒவ்வொருவரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுகை ஓய்ந்ததும் கேள்வி. எப்ப மூச்சு நின்னுது? கடைசியா என்ன சொன்னாக? முன்னாலயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்லா? அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருமுன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விடுவார்கள். காலையில் சொன்னதையே மத்தியானமும், மத்தியானம் சொன்னதையே சாயங்காலமும் சொல்லச் சொல்ல, நம் வீட்டில் நடந்த சாவு யார் வீட்டிலோ நடந்தது மாதிரி வாயில் வர ஆரம்பித்துவிடும்.

அதற்கப்புறம் கூட்டம் கலையும். அப்போது வருவது வேறு பேச்சு. பாங்கியில் நாமினி யார்? வீட்டை என்ன செய்வதாக உத்தேசம்? அம்மா ஆறு மாசம் சென்னையில் மூத்தவனோடு, ஆறு மாசம் கோயம்புத்தூரில் இளையவனோடு என்று, அம்மா அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவாகும். கல்யாண வீடுகளில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஓரமாக ஒரு நாற்காலி நமக்கென்றே காத்திருக்கும். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், நாமாகப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அதுதான் மரியாதை. ஆரத்தித் தட்டு எடுக்க நம்மைத் தாண்டி ஆள் தேடுவார்கள். வடிவேலு காமெடிக்குச் சிரித்துவிட்டால் ஒரு பார்வை, சிரிக்காமல் இருந்தால் "இன்னுமா மனசு தேறல?" என்று ஒரு பார்வை. துக்கத்தை ஆற்றுவதற்குப் பெரியவர் சிபாரிசு செய்யும் இடம் இதுதான். அங்கே துக்கப்பட நேரமே கிடைக்காது. துக்கப்படுகிறவளாகத் தெரிவதற்கே பொழுது சரியாகிவிடும்.

பழைய மரபு, பழைய மரபு என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறார். மரபுக்கே போவோம். புறநானூற்றில் 246-வது பாட்டு, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவன் இறந்ததும் அவள் தீயில் இறங்கப் போகிறாள். சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவர்களைத்தான் அவள் பாட்டில் ஒரு பிடி பிடிக்கிறாள். நீர்ச்சோறு, எள் துவையல், புளி விட்டு வெந்த வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை என்று கைம்பெண்ணின் அன்றாடத்தை அடுக்கிவிட்டு, அந்த நோன்பைவிட ஈமத் தீ தனக்குத் தாமரைக் குளம் போலக் குளிர்ச்சி என்கிறாள். ஒரு பட்டத்தரசி வீட்டில் இருந்து கழிக்கும் துக்கத்தையும் நெருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நெருப்பே தேவலை என்று சொன்ன வாக்குமூலம் அது. மரபை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பாட்டை மட்டும் பதிவிரதைக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேளைக்கீரையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

தனியாகப் போவது மேல்நாட்டுச் சரக்காம். புனிதவதி என்ற காரைக்கால் அம்மையார் எந்த நாட்டுச் சரக்கு? கணவன் சாகவில்லை, விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அதைத் தெரிந்துகொண்ட சுற்றத்தார் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அவன் ஊருக்கே கொண்டுபோனார்கள் என்கிறது பெரிய புராணம். உறவுகள் நடுவில் போன அந்தப் பயணத்தின் முடிவில், புருஷன் புது மனைவியோடும் குழந்தையோடும் வந்து காலில் விழுந்தான். அப்புறம் தனியே ஒரு பயணம் போனாள். கயிலாயத்துக்கு, தலையால் நடந்து. அங்கே சிவனே 'அம்மையே' என்று கூப்பிட்டான். அவள் துக்கத்திலிருந்து தப்பித்து ஓடினாள் என்று இதுவரை எந்த ஓதுவாரும் சொல்லவில்லை. பங்குனி சுவாதியில் குருபூஜை நடத்துகிறோம்.

காசியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா முழுவதிலிருந்தும் கைம்பெண்கள் காலங்காலமாகக் காசிக்கும் பிருந்தாவனத்துக்கும் போனார்கள், இன்றும் போகிறார்கள். பலரைக் குடும்பமே கொண்டுவிட்டு வந்தது. அங்கே பஜனை மடத்தில் பாடி, கிடைத்த அரிசியைப் பொங்கித் தின்று, ஆற்றங்கரையில் கண்ணை மூடினார்கள். பெரியவர்களின் ஆட்சேபம் அப்போது எங்கே போயிருந்தது? சாகப் போகிறவள் ஆயிரத்தைந்நூறு மைல் தனியாகப் போகலாம், பத்து நாள் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ரேஷன் கடையில் நிற்கப் போகிறவள் மூணாறு போகக் கூடாது. கணக்கு அப்படித்தான் வருகிறது.

மேல்நாட்டிலாவது இதற்குக் கொட்டு மேளத்தோடு வரவேற்பு இருந்ததா என்று பார்த்தால், அதுவும் இல்லை. வியன்னாவில் ஈடா ஃபைஃபர் என்று ஒரு அம்மாள். 1797-இல் பிறந்தவர். 1838-இல் கணவர் காலமானார். பையன்கள் இருவரும் ஆளாகிவிட்டார்கள். 1842-இல், நாற்பத்து நாலு வயதில், ஜெருசலேம் போகக் கிளம்பினார். வீட்டில் என்ன சொன்னார் தெரியுமா? கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால் படகு ஏற விட்டிருக்க மாட்டார்கள். அப்புறம் உலகத்தை இரண்டு தடவை சுற்றினார், முதல் சுற்றில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார், புத்தகங்கள் எழுதி அதில் வந்த பணத்தில் அடுத்த பயணம் போனார். அவர் துக்கம் ஆற்றப் போனார் என்று நான் சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்து பார்க்க நினைத்ததைப் பார்க்கப் போனார். நான் சொல்ல வந்தது அந்தப் பொய்யை. "அம்பாசமுத்திரத்துல சித்தி வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு நம் ஊர்ப் பெண்கள் எங்கெங்கே போகிறார்களோ, அதே பொய்தான் டான்யூப் கரையிலும். இந்தப் பெரியவரைப் போன்றவர்கள் வியன்னாவிலும் இருந்திருக்கிறார்கள்.

காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று எழுதியவர் சமீபத்தில் டவுன் பஸ் ஏறவில்லை என்று தெரிகிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வயசு கேட்பதில்லை, வருமானச் சான்று கேட்பதில்லை, தாலி இருக்கிறதா என்று கழுத்தைப் பார்ப்பதும் இல்லை. கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஆதரவற்ற விதவை உதவித்தொகை மாதம் 1200 ரூபாய் வாங்குகிற ஒருத்தி தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் செலவில்லாமல் போய் வரலாம். போகிறார்கள். சீசன் இல்லாத நாளில், கூட்டமில்லாத ஐந்தருவிப் பாறையில், முந்தானையில் கடலையை முடிந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. அதனால் பெரியவர் கண்ணில் படவில்லை. பாளையங்கோட்டை தாண்டிக் கிருஷ்ணாபுரம் போனால், வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் ஒரு குறத்தி அரசகுமாரன் ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற சிலை இருக்கிறது. கல்லில் அவள் கால் நரம்பு புடைத்து நிற்பது தெரியும். அதைப் பார்க்கவும் லட்சாதிபதியாக இருக்க வேண்டியதில்லை.

ஆபத்து என்கிறார். பத்திரிகையில் வந்த நாலு சம்பவத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகத்தை அவர் புரட்டியிருக்கலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் வருஷா வருஷம் முதலிடத்தில் நிற்கிற தலைப்பு, கணவன் அல்லது கணவனின் உறவினர் செய்த கொடுமை. ரயில் அல்ல, லாட்ஜ் அல்ல, மூணாறு அல்ல. வெளியே ஆபத்தே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருட்டிய பிறகு புது ஊரில் இறங்குகிற மாதிரி நான் டிக்கெட் போடுவதில்லை, ஆட்டோ நம்பரை மகனுக்கு அனுப்பாமல் ஏறுவதில்லை. ஆனால் ஆபத்துக்காக ஒரு பெண்ணைப் பூட்டி வைக்கச் சொல்கிறவர், வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துக்கு எந்தப் பூட்டைச் சிபாரிசு செய்கிறார் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

சட்டம்கூட அவரைவிட ஒரு படி முன்னால் இருக்கிறது. 1989-ஆம் வருஷ ரயில்வே சட்டம், 139-ஆம் பிரிவு. டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டாலும்கூட, ஆண் துணையின்றிப் பயணம் செய்கிற பெண்ணைக் கண்ட இடத்தில் இறக்கிவிட முடியாது. அவள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன், இவற்றில் ஒன்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும். துணையில்லாமல் ஒரு பெண் ரயிலில் வருவாள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, பத்திரமாக எங்கே இறக்குவது என்று யோசித்தார்கள்.

பெரியவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் ஒன்று உண்டு, நான் காட்டுகிறேன். ஒரு கோயில் ஊர். பெயர் வேண்டாம். லாட்ஜ் வரவேற்பில் ஆதாரைக் கொடுத்தேன். அந்தப் பையன் அட்டையைப் பார்த்தான், என் பின்னால் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். "கூட யாரும்மா?" யாரும் இல்லை. "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் கொடுக்கிறதில்லம்மா. ஓனர் திட்டுவாரு." ஏன் என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, தனியாக வருகிறவர்கள் ரூமில் எதையாவது செய்துகொள்கிறார்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடுகிறது என்றான். ஊர் உலகம் ஒரு தனிப் பெண்ணைப் பார்த்தால் அதற்கு வருகிற இரண்டே யோசனை இவை: ஒன்று ஓடிப்போனவள், இல்லாவிட்டால் சாக வந்தவள். மூலவரைப் பார்த்துவிட்டு, நல்ல காபி குடித்துவிட்டுத் தூங்கி எழுந்து போக வந்தவள் என்று மூன்றாவதாக ஒன்று அந்தப் பையனுக்குத் தோன்றவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மாதிரிக் கட்டுரைகளைப் படித்து வளர்ந்திருப்பான்.

அடுத்தது, துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, அதை வரிசையாக ஏறி முடிக்காமல் ஊர் சுற்றப் போனால் மனநோய் வரும் என்று விஞ்ஞானம் பேசியிருக்கிறார். அந்த ஐந்து படிகளை எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ். 1969-இல் வந்த புத்தகம். அது யாரைப் பற்றியது? தீராத நோயில் தாங்களே சாகப் போகிற நோயாளிகளைப் பற்றியது. அவர்களோடு பேசித்தான் அந்த அம்மாள் எழுதினார். புருஷனை இழந்தவள் எத்தனை மாதம் திண்ணையில் உட்கார வேண்டும் என்பதற்கு அதில் அட்டவணை கிடையாது. நெதர்லாந்தில் துணையை இழந்தவர்களையே ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் இருவரும் 1999-இல் வேறொன்று சொன்னார்கள். மனசு இழப்பின் பக்கம் போகும், அங்கிருந்து அன்றாடத்தின் பக்கம் வரும், மறுபடி போகும், மறுபடி வரும். அந்தப் போக்குவரத்துதான் ஆறுதல். ஒரே பக்கம் கிடந்தால்தான் சிக்கல் என்றார்கள். படிக்கட்டே இல்லை, ஏறுவது எங்கே?

தப்பித்து ஓடுவது என்ற சொல்லுக்கு வருகிறேன். பெரியவர் தனியாக ஒரு லாட்ஜ் ரூமில் தங்கிப் பார்க்கட்டும். கதவைத் திறந்ததும் கட்டிலில் இரண்டு தலையணை. மேஜையில் கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர். குளியலறையில் இரண்டு சோப்பு, இரண்டு துண்டு. வீட்டிலாவது ஒரு தலையணையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிடலாம். அங்கே ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக விரித்து வைத்திருப்பார்கள். டிவி பார்க்கிற பேரன் இல்லை, மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிற மருமகள் இல்லை. துக்கத்திடமிருந்து ஓடுகிறவள் போய் ஒளிந்துகொள்ள அதைவிட மோசமான இடம் உலகத்தில் இருக்க முடியாது.

அப்படியானால் எதற்குப் போகிறோம்? மலையைப் பார்த்தால் மனசு லேசாகும், கடலைப் பார்த்தால் கவலை கரையும் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. மலை எதையும் ஆற்றாது, அது பாட்டுக்கு நிற்கும். என் கல்யாண வாழ்க்கை முழுக்க ரயில் டிக்கெட் என் கணவர் சட்டைப் பையில் இருந்தது. எந்தக் கோச், எந்த சீட் என்று அவருக்குத் தெரியும், அவர் முதுகைப் பார்த்து நான் நடந்தேன். பிளாட்பாரத்தில் கோச் எண் காட்டும் பலகை மேலே தொங்குகிறது என்பதே அவர் போன பிறகுதான் என் கண்ணில் பட்டது. ஓட்டலில் "என்ன சாப்பிடறீங்க?" என்று சர்வர் கேட்டால் நான் அவரைப் பார்ப்பேன், அவர் "ரெண்டு பூரி" என்பார். எனக்குப் பூரி பிடிக்குமா என்று நான் யோசித்ததே இல்லை. (பிடிக்காது. எண்ணெய்.) ஒரு மனுஷன் போனபோது அவர் செய்துகொண்டிருந்த இந்த நூறு சில்லறை வேலைகளும் ஆளில்லாமல் நின்றன. வீட்டில் இருந்தால் மகன் எடுத்துச் செய்துவிடுவான், மருமகன் செய்துவிடுவான், அவை என்னிடம் வரவே வராது. தனியாகக் கிளம்பினால்தான் வரும். ஐஆர்சிடிசி-யில் ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துபோகிறதே என்று திட்டிக்கொண்டு, ஆர்ஏசி-க்கும் வெயிட்டிங் லிஸ்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொண்டு, நாற்பத்தைந்து வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு லோயர் பெர்த்தில் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்று கண்டுபிடித்து அதைக் கேட்டு வாங்கும்போது, அந்த வேலையை ஒரு காலத்தில் செய்த ஆள் மேல் எனக்குப் புதுசாக ஒரு மரியாதை வந்தது. உயிரோடு இருந்தபோது அவர் இதற்கெல்லாம் மெனக்கெட்டார் என்பதே தெரியாது. நினைவை அவமதிப்பது என்று பெரியவர் எழுதினாரே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

வழியில் கிடைக்கிற பழக்கத்தைப் பற்றி ஏளனமாக இரண்டு பத்தி. எனக்கு நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் மலைப்பாதை. 1904-இல் போட்ட மீட்டர் கேஜ், அகலமாக்கி 2018-இல் திறந்தார்கள். குகைக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், பதிமூணு கண் பாலம் வந்ததும் பெட்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்து போன் நீட்டியது. எதிர் சீட்டில் கடையநல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், என்னைவிட மூத்தவர். அவர் பாலத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "தனியாவா போறிய?" ஆமா. "வீட்டுக்காரவுக?" தவறிட்டாக. கழுத்தைக் கட்டி அழவில்லை. எப்போது, எப்படி என்றும் கேட்கவில்லை. தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்து, நார்த்தங்காய் ஊறுகாயை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, "அவுகளுக்கு எது இஷ்டம்?" என்று கேட்டார்.

துட்டிக்கு வந்த அத்தனை பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவர் எப்படிச் செத்தார் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. இந்த அம்மா ஒருத்திதான் அவர் எப்படி இருந்தார் என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்றேன். எங்கள் வீட்டில் அதை வைத்து மாதக் கணக்காகிறது என்பது சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அப்புறம் புனலூர் வரைக்கும் பேசிக்கொண்டே போனோம். அவர் கணவர் லாரி டிரைவராம், சீனி போடாத காபியைக் கையால் தொட மாட்டாராம், சர்க்கரை நோயாம், அதுக்காக இவர் போட்ட சண்டைகளாம். பெட்டியில் இரண்டு கிழவிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மா இறங்கிப் போய்விட்டார், உண்மைதான். போன் நம்பர் வாங்கவில்லை. பெரியவர் இதைக் குறையாகச் சொல்கிறார். இறங்கிப் போவார் என்பதால்தான் சொன்னேன். நான் சிரித்ததை அவர் அடுத்த தெருவுக்கு எடுத்துப் போக மாட்டார், கருவாட்டுக் குழம்பை என் நாத்தனாரிடம் ஒப்பிக்க மாட்டார். நிற்கிற உறவுகளிடம் வாய் திறக்க முடியாதபடி ஆக்கிவைத்துவிட்டு, இறங்கிப் போகிற உறவைக் கேலி செய்வது என்ன நியாயம் அண்ணாச்சி?

இனி, கட்டுரையில் காணாமல் போன ஆண்கள். மனைவி செத்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஐம்பது வயசுக்குள் என்றால் வருஷம் திரும்புமுன் ஜாதகம் கையில் இருக்கும். தாண்டியவர் என்றால் "பாவம், ஒரு வாய் காபி வச்சுக் குடுக்க ஆளில்ல" என்று மருமகள்களுக்கு முறை போடுவார்கள். அவர் தனியாக இமயமலைக்குக் கிளம்பினால் ஞானம் தேடிப் போனவர், திரும்பி வந்து பயணக் கட்டுரை எழுதினால் விழா எடுப்பார்கள். யார் தூக்கமும் கெடாது. இங்கிலாந்தில் காலின் மரே பார்க்ஸும் நண்பர்களும் மனைவியை இழந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-இல் எழுதினார்கள். ஐம்பத்தைந்து வயசுக்கு மேற்பட்டவர்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே சாவு, எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் கூடுதல். ஊர் சுற்றாததால் செத்தார்கள் என்று நான் சொன்னால் அது பெரியவரின் விஞ்ஞானம் மாதிரி ஆகிவிடும், சொல்லவில்லை. ஆனால் அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஈசிசேரில் உட்கார்ந்திருக்கிற என் சித்தப்பாக்களைப் பார்க்கும்போது, இவர்களுக்கும் ஒரு டவுன் பஸ் தேவை என்று எனக்குத் தோன்றும். இலவசமாக வேண்டாம், காசு கொடுத்தாவது ஏறட்டும்.

ஒரு பத்தி மட்டும் அவர் சரியாக எழுதியிருக்கிறார். துக்கத்தை வைத்து வியாபாரம் நடக்கிறது என்கிறார், நடக்கிறது. 'உங்களை மீட்டெடுங்கள்' என்று விளம்பரம் போட்டு, ஆசிரமத்தில் மூன்று நாள் மௌனத்துக்கு என் ஒரு மாதப் பென்ஷனைக் கேட்கிறார்கள். டூர்க்காரர்கள் விலை போடுவதே ஒரு ரூமுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். தனியாக வருகிறவர் கூடுதலாகக் கட்ட வேண்டும். செத்தவர் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். இதைப் பற்றி அவர் நாலு பக்கமும் எழுதியிருந்தால் நான் ஜெராக்ஸ் எடுத்துத் தெருவுக்கே கொடுத்திருப்பேன். வியாபாரிகளைத் திட்ட ஒரு பத்தி, மூணாறு அம்மாவைத் திட்ட மூன்றரைப் பக்கம் என்று பிரித்தது ஏன் என்பதுதான் கேள்வி.

எல்லாரும் மூட்டை கட்டுங்கள் என்று நான் யாரையும் கிளப்பவில்லை. என் சிநேகிதி ஒருத்தி திருச்செந்தூர் வரை போய்விட்டு, கடலைப் பார்த்ததும் முடியவில்லை என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். வீட்டில் இருக்கிறாள், மாடித் தோட்டம் போட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். அவள் வெளியே போகவில்லை என்று எனக்குத் தூக்கம் கெடவில்லை.

கடைசியில், வழியில் உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று உருகியிருக்கிறார். அவ்வளவு அக்கறை இருந்தால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயசு தாண்டிய பெண்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம் இருந்தது. அறுபது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம் சலுகை. கொரோனாவைக் காட்டி 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போனது, ரயில்கள் முழுசாக ஓடுகின்றன, சலுகை மட்டும் திரும்பவில்லை. ரயில்வே போர்டுக்கு ஒரு மனு எழுதுங்கள் அண்ணாச்சி, நாலு பக்கம் எழுதத் தெரிந்த கை உங்களுடையது. முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இரண்டாவதை அந்த மூணாறு அம்மாவிடம் நீங்களே போய்க் கேட்டு வாங்குங்கள். ஊரில் இருந்தால்.